ஃபிரேம்வொர்க் லேப்டாப் 13: பழைய போர்டு எங்கே போகிறது?

பேட்டரியும் எஸ்எஸ்டியும் (சேமிப்பகம்) மாற்ற முடிவது பெரிய விஷயமில்லை. ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த லேப்டாப் 13இன் சிறப்பு, ப்ராசஸர் உட்கார்ந்திருக்கும் அதன் மதர்போர்டையே மாற்ற முடிவதுதான். 11ஆம் தலைமுறை இன்டெல் போர்டு இருந்த அதே உடலில் ஏஎம்டியின் 7040 வரிசை ப்ராசஸர் உள்ள போர்டு உட்காரும். திரை, கீபோர்டு, பேட்டரி எதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

போர்டை மாற்ற, அடியில் ஐந்து டி5 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகள். ஸ்க்ரூ டிரைவர் பெட்டியிலேயே வருகிறது. தளர்த்தினாலும் திருகுகள் மூடியை விட்டுக் கழன்று விழாது. கீபோர்டு உள்ள மேல்மூடியைக் காந்தம் பிடித்திருக்கிறது. இங்கே அவசரம் கூடாது. டச்பேடிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிள் குட்டை. வெடுக்கென்று தூக்கினால் கனெக்டர் பிய்ந்துவிடும். முதலில் அந்தக் கேபிள், அடுத்து பேட்டரி கனெக்டர், பிறகுதான் மற்றவை. பொறுமையைச் சோதிப்பவை வைஃபை ஆன்டெனாவின் இரண்டு குட்டி முனைகள். நேர் மேலிருந்து அழுத்த வேண்டும், சாய்த்தால் நசுங்கும்.

மெமரியில் (ரேம்) தான் இடறல்: வகை மாறுகிறது. இன்டெல் 11, 12, 13ஆம் தலைமுறை போர்டுகளுக்கு டிடிஆர்4. ஏஎம்டி 7040க்கும் இன்டெலின் அடுத்த வரிசையான கோர் அல்ட்ராவுக்கும் டிடிஆர்5. போர்டின் விலையோடு புது மெமரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எஸ்எஸ்டி அப்படியே மாறிக்கொள்ளும். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போன்ற போர்ட்டுகள் இந்த லேப்டாப்பில் கழற்றி மாட்டும் கார்டுகள்; ஏஎம்டி 7040 போர்டில் அவற்றைச் செருகும் முன்பக்க ஸ்லாட்டுகளில் ஒன்று வெளித்திரைக்கு சிக்னல் தராது. எச்டிஎம்ஐ கார்டைப் பின்பக்கம் செருகுவதே பாதுகாப்பு.

கழற்றிய போர்டும் டிடிஆர்4 மெமரியும் வீணாக வேண்டாம். கூலர் மாஸ்டர் தயாரித்த பெட்டியில் பொருத்தி, யுஎஸ்பி-சி சார்ஜரும் மானிட்டரும் இணைத்தால் சின்ன டெஸ்க்டாப் தயார். பேட்டரி இல்லாமல் தனித்து இயங்குவதற்கான அமைப்பை பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்), போர்டு லேப்டாப்பில் இருக்கும்போதே இயக்கிவிடுவது நல்லது. 11ஆம் தலைமுறை போர்டை மாதக்கணக்கில் சும்மா வைத்தால் கடிகார பேட்டரி வடிந்து, உடனே உயிர் பெறாது; பல மணி நேரம் சார்ஜரில் விட வேண்டியிருக்கும்.

சின்னச் சின்ன மேம்பாடுகளும் பழைய உடலுக்குப் பொருந்துகின்றன: 55 வாட்-மணி பேட்டரிக்குப் பதில் 61, திரையைத் தாங்கும் தளர்வான 3.3 கிலோ கீலுக்குப் பதில் இறுக்கமான 4 கிலோ கீல். வாங்கியவரை அம்போவென்று விடாத இந்தப் பழக்கம் பெரிய நிறுவனங்களிடம் அரிது.

ஆனாலும் ப்ராசஸர் போர்டோடு சால்டர் செய்யப்பட்டதுதான். அது செத்தால் முழு போர்டும் போச்சு. அதனால் முதலிலேயே உச்ச மாடலுக்குப் பாயாமல் நடுத்தர போர்டை வாங்கி, மிச்சப் பணத்தை மெமரியில் போடுங்கள். வேகம் போதாதபோது போர்டை மட்டும் மாற்றினால் போதும்.