உறையா, மாத்திரையா?

இரண்டு வருஷமாகத் தினமும் பிரெப், அதாவது எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே தடுக்கும் மாத்திரை போடுகிறேன். அதற்கு முன்பு ஆணுறை மட்டும்தான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியமில்லை.

ஆணுறை மலிவு, எங்கும் கிடைக்கும், மேகநோயையும் வெகுவாகத் தடுக்கும். அதற்கு எமன் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது அதுதான், ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழியும். தண்ணீர் ஜெல்தான் சரி. புதுச்சேரியில் ஒரு லாட்ஜில் எனக்குக் கிழிந்தது அப்படித்தான். நான் பாட்டம், அதாவது ஆணோடு உறவில் உள்வாங்குபவன். எச்.ஐ.வி. இருந்தும் மருந்து எடுக்காதவரோடு உறையில்லாமல் இருந்தால் பாட்டமுக்குத் தொற்றுவது 10,000 முறைக்குச் சுமார் 138, டாப்புக்கு, அதாவது நுழைப்பவருக்கு, 11 என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் கணக்கு. ‘நான் டாப்தானே’ என்பவர்களுக்கு: 11 என்பது பூஜ்யமில்லை. எதிராளிக்குத் தொற்று புதிது என்றால் வைரஸ் உச்சத்தில் இருக்கும், டெஸ்டிலோ இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

மறுநாளே பெப், அதாவது ஆபத்துக்குப் பிறகு போடும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, ஆரம்பித்தேன். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். முடிந்ததும் டாக்டர் கேட்டார்: “தம்பி, மறுபடி இப்படி நடக்குமா?” நடக்கும் சார் என்றேன்.

பிரெப் மாத்திரையின் சௌகரியம், அந்த நேரத்தில் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அதன் பாடெல்லாம் பராமரிப்பில். 2010-இல் வந்த ஐப்ரெக்ஸ் ஆய்வில் மாத்திரை வாங்கியவர்களுக்கு மொத்தத்தில் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களுக்கோ 90-க்கு மேல். டப்பா வீட்டில் இருந்தால் போதாது, வயிற்றுக்குள் போக வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் அது லேசில்லை. லேபிளைக் கிழித்தேன். குலுங்கும் சத்தம் அம்மாவுக்குக் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்தேன். வேறு டப்பாவுக்கு மாற்றவில்லை, கடலூர் ஈரக்காற்றுக்கு அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வேண்டும். தொடங்குமுன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பார்த்தார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.

தேவைப்படும்போது மட்டும் போடும் முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு, அடுத்தடுத்த இரண்டு நாளும் ஒவ்வொன்று. நான் முயன்றதில்லை. என் சனிக்கிழமைகள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

துணைக்கே எச்.ஐ.வி. இருந்து, ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. மருந்தில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, மி.லி.க்கு 200-க்குக் கீழே நிலைத்திருந்தால் கதையே வேறு. 2019-இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில், உறையில்லாமல் சுமார் 76,000 முறை உறவு கொண்டும் துணைவரிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. எனக்கு அப்படி ஒரு துணை இருந்ததில்லை. இருந்தால் அவர் ரிப்போர்ட்டை நம்புவேன்.

மாத்திரை வந்த பிறகு உறையில் அசட்டையானேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை, சிஃபிலிஸ் என்ற மேகநோய் இருந்தது. பிருஷ்டத்தில் பென்சிலின் ஊசி. இரண்டு நாள் உட்கார முடியவில்லை. ஆபீசில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லி வைத்தேன்.