ரயிலில் போய் விமான ஸ்டேட்டஸ் சேர்ப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்திலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரயில் நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர். இன்னொருவர் கையில் இருப்பது டெல்லி வரைக்குமான ஏர் பிரான்ஸ் டிக்கெட். அதில் இந்த ரயிலுக்கே ‘ஏஎஃப்’ என்று தொடங்கும் விமான எண் இருக்கும். ஸ்டேட்டஸ், அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் சில்வர், கோல்டு, பிளாட்டினம் போன்ற தகுதிநிலை; அந்தக் கணக்கில் வரவு ஏறுவது இரண்டாமவருக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிரெடிட் உண்டா இல்லையா என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை, டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்தான் தீர்மானிக்கிறது. முதல் வகுப்பில் எவ்வளவு பணம் கொடுத்துப் போயிருந்தாலும் சரி, அந்த எண் இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

நான் இதை வருடக்கணக்காகப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான, அடிக்கடி பறப்பவர்களுக்கான ஃபிளையிங் புளூ திட்டத்தில்தான். இங்கே இரண்டு விதமான வரவு இருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மைல் என்பது நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கிடைப்பது: சாதாரண உறுப்பினருக்கு ஒரு யூரோவுக்கு 4 மைல், சில்வருக்கு 6. ரயில் பகுதி சேர்ந்தால் இதில் பெரிய மாற்றம் வராது, ஏனென்றால் வரிகள் நீங்கலான மொத்தக் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். ஸ்டேட்டஸைத் தீர்மானிக்கும் எக்ஸ்பி (எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் என்ற புள்ளி) அப்படி இல்லை. 2018 ஏப்ரலில் வந்த இந்த முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் தூரத்தையும் வகுப்பையும் பார்த்துத் தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள். அதனால்தான் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு ரயில் பயணத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பாரிஸிலிருந்து டெல்லி எகானமியில் ஒரு வழிக்கு 10 எக்ஸ்பி, போக வர 20. பிரஸ்ஸல்ஸில் ரயிலேறிப் போனபோது அந்தப் பகுதிக்கு எனக்கு 5 ஏறியது, அதாவது நடுத்தரத் தூர விமானத்துக்குத் தருவது. போக வர 30 ஆகிவிட்டது. பிசினஸில் இது 60-க்குப் பதில் 90. சில்வருக்கு 100 போதும், அங்கிருந்து கோல்டுக்கு 180, பிளாட்டினத்துக்கு 300. சில்வரைத் தாண்டி மிஞ்சும் எக்ஸ்பி வீணாகாமல் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பதால் ஒவ்வொரு 5-ம் எண்ணத் தகுந்தது. பிரான்சுக்குள்ளேயே லியோன், ரென், அவின்யோன் போன்ற ஊர்களிலிருந்து சார்ல் த கோல் வரும் ரயில்களுக்கு உள்நாட்டு விமானத்தின் கணக்குத்தான், எகானமியில் 2. அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

டிக்கெட் தேடும்போது நகரத்தின் பெயரைப் போட்டால் சில தளங்கள் விமான நிலையத்தை மட்டும் காட்டும். ரயில் நிலையங்களுக்கும் விமானத் துறையின் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. பிரஸ்ஸல்ஸ் மிடிக்கு இசட்-ஒய்-ஆர், ஆன்ட்வெர்ப்புக்கு இசட்-டபிள்யூ-ஈ, கொலோனுக்கு க்யூ-கே-எல், அவின்யோன் டிஜிவி (பிரான்சின் அதிவேக ரயில்) நிலையத்துக்கு எக்ஸ்-இசட்-என். அதைப் போட்டுத் தேடினால் ரயிலும் விமானமும் சேர்ந்த டிக்கெட் வந்துவிடும். பல நேரம் ரயிலைச் சேர்த்த பிறகு கட்டணம் குறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பிரஸ்ஸல்ஸில் புறப்படும் பயணியைப் பக்கத்து நாட்டு நிறுவனங்களும் போட்டி போட்டு இழுப்பதால் அப்படி நடக்கிறது.

இனி, சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். விமானத்தில் ஏறும்போது வாசலில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்வார்கள். அந்த நொடியே நீங்கள் பயணம் செய்தது பதிவாகிவிடும். ரயிலில் அப்படியொரு வாசல் எப்போதும் இருப்பதில்லை. டிக்கெட் பரிசோதகர் வரலாம், வராமலும் போகலாம். அவர் கையிலுள்ள கருவிக்கும் விமான நிறுவனத்தின் கணினிக்கும் நடுவே நீண்ட தூரம். விமான டிக்கெட் என்பது உள்ளுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூப்பனாக இருக்கிறது. அந்தக் கூப்பன் ‘பயன்படுத்தப்பட்டது’ என்ற நிலைக்கு மாறினால்தான் வரவு ஏறும். ரயில் கூப்பன் மாறாமல் நின்றுவிட்டால் எக்ஸ்பி வராதது சின்ன விஷயம். முதல் பகுதிக்கு வராத பயணி என்று கருதி, மீதி டிக்கெட் முழுவதையும் ரத்து செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் மிடியில் இதற்கென்று ஏர் பிரான்ஸ் கவுன்டரே உண்டு. எவ்வளவு அவசரம் என்றாலும் அங்கே முகத்தைக் காட்டி, செக்-இன் முடித்துவிட்டுத்தான் நடைமேடைக்குப் போவேன்.

வேறொரு விமான நிறுவனம் வழியாகப் போன பயணத்தில் இந்த வரவு விழவே இல்லை. விமானப் பகுதிகள் எல்லாம் இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டன, ரயில் மட்டும் காணோம். வாடிக்கையாளர் சேவையில் எழுதியவர் ‘ரயிலுக்கு மைல் கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விமான எண் தெரியும் டிக்கெட், செக்-இன் செய்த சீட்டு, ரயிலில் பரிசோதகர் பார்த்த அடையாளம் எல்லாவற்றையும் படமெடுத்து, அவர்களுடைய விதிப் பக்கத்தையே மேற்கோள் காட்டி மறுபடி எழுதினேன். அப்புறம்தான் வேறொருவர் பார்த்துச் சரிசெய்தார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. விற்கும்போது ‘ஒரே டிக்கெட், ஒரே பயணம்’ என்று சொல்லிவிட்டு, வரவு வைக்கும்போது மட்டும் ரயிலை வேறாகப் பார்ப்பது நியாயமில்லை. அதனால் எல்லாச் சீட்டையும் வரவு விழும் நாள் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு நிறுவனத்தின் ரயில் கோட்ஷேரை (அதாவது அதன் விமான எண்ணில் விற்கப்படும் ரயில் பயணத்தை) அதே விமானக் கூட்டணியின் வேறொரு நிறுவனத் திட்டத்தில் வரவு வைக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூட்டணி விமானங்களுக்குக் கிரெடிட் தரும் திட்டங்களில் சில, ரயிலையும் பேருந்தையும் விதிகளின் அடியில் விலக்கி வைத்திருக்கின்றன. பயணத்துக்கு முன்பே அந்த வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும்.

ஸ்டேட்டஸை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இந்த ஏற்பாட்டை நான் விட மாட்டேன். ரயில் தாமதமாகி விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. தனியாக ரயில் டிக்கெட் வாங்கியிருந்தால் அந்த நஷ்டம் முழுக்க நம் தலையில். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களில் இந்த ஒரு வசதிக்கே காசு தகும். சார்ல் த கோலில் ரயில் நிலையம் இரண்டாம் டெர்மினலிலேயே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் நடைமேடை விமான நிலையத்துக்கு நேர் கீழே. பெட்டிகளை மட்டும் நாமேதான் தூக்க வேண்டும், ரயிலில் ஏற்றி இறக்க யாரும் வரமாட்டார்கள். கோல்டு அட்டைக்கும் நடைமேடையில் தனி மரியாதை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வழி இன்னும் விரிந்துகொண்டே போகிறது. ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் 2020-ல் வியன்னா–சால்ஸ்பர்க் விமானத்தை நிறுத்திவிட்டு ரயிலுக்கு மாறியது. 2022-ல் ஜெர்மனியின் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான், ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் முதல் ரயில் பங்காளி ஆனது. பிரான்சு 2023-ல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு விமானப் பாதைகளைச் சட்டம் போட்டே நிறுத்தியது. விமானத்தை எடுத்துவிட்டு ரயிலைக் கொடுப்பவர்கள், பயணி இழக்கும் ஸ்டேட்டஸ் வரவையும் ரயிலிலேயே முழுதாகத் தர வேண்டும் என்பது என் கட்சி.

திரும்பி வரும்போது பாரிஸிலேயே இறங்கிக்கொண்டு கடைசி ரயிலை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். விட்டால் அந்தப் பகுதியின் எக்ஸ்பி போகும். டிக்கெட்டை வரிசைப்படி பயன்படுத்தவில்லை என்று கூடுதல் கட்டணம் கேட்கும் உரிமையும் விமான நிறுவனத்துக்கு உண்டு. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் நான் ஏறிவிடுவேன். பாரிஸில் தங்கும் வேலை இருந்தால் டிக்கெட் வாங்கும்போதே திரும்பும் பயணத்தைப் பாரிஸோடு முடிக்கும்படி போட்டு விலை பாருங்கள். சில தேதிகளில் வித்தியாசம் மிகக் குறைவாகவே இருக்கும்.