48 டப்பா வீகன் சாப்பாடு: என் அனுபவம்

கிண்டியில் எங்கள் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டு வரும் ஒரு வீகன் மெஸ்ஸில் இரண்டு மாதம் சந்தா கட்டினேன். வீகன் என்றால் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், நெய் என்று விலங்கிலிருந்து வரும் எதுவுமே சேர்க்காத சாப்பாடு. பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். ஒரு டப்பா 180 ரூபாய், மாதம் 24 டப்பா. நோக்கம் உடம்பைக் குறைப்பது மட்டும்தான். ஆரம்பித்த அன்று என் எடை 78.4 கிலோ.

முதல் மாத முடிவில் 78.9.

ருசியில் குறையே இல்லை, அதுதான் வம்பே. பலாக்காய் பிரியாணி, டோஃபு (சோயா பாலில் செய்யும் பனீர் மாதிரி) குருமா, தேங்காய்ப்பால் சொதி என்று ஒவ்வொரு நாளும் கல்யாண வீட்டுப் பந்திதான். பால், பனீர், நெய் இல்லாத குறை தெரியக்கூடாதே என்று முந்திரியையும் தேங்காய்ப்பாலையும் கொட்டுகிறார்கள். ஒருநாள் சொதி மீந்ததைக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாக, மெழுகு ஊற்றின மாதிரி ஓர் அடை. கரண்டியால் வழித்தேன், மூன்று மேசைக்கரண்டி வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு ஏறக்குறைய 120 கலோரி. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் மேலும் தப்பு உண்டு. மாலை நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கும்போது, "இதுவும் வீகன்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீகன்தான். சர்க்கரை போட்ட பிளாக் டீயும் வீகன்தான்.

இரண்டாவது மாதம் போன் செய்து, முந்திரி, தேங்காய்ப்பால் எதுவும் வேண்டாம், சாமைச் சாதம், கீரை மசியல், சுண்டல் போதும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்கள். நாலு நாள் ஒழுங்காக வந்தது, ஐந்தாம் நாள் மறுபடி குருமா. திரும்பச் சொன்னேன். அப்புறம் பெரும்பாலும் சரியாகவே வந்தது. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்த நாட்களில் சாயங்காலம் பசியே எடுக்கவில்லை, பஜ்ஜிக் கடைப் பக்கம் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். மாதக் கடைசியில் 76.5.

இரண்டு விஷயம் மன்னிக்க முடியாதவை. ஒருநாள் வெண்பொங்கலில் நெய் வாசனை. கேட்டதற்கு, "சமையல் மாஸ்டர் பழக்க தோஷத்துல ஊத்திட்டார் மேடம்" என்று பதில். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் மாடுகளுக்காகப் பாலை விட்டவருக்கோ, பால் ஒத்துக்கொள்ளாதவருக்கோ அது சிரிப்பா? இன்னொன்று, வைட்டமின் பி12 பற்றிக் கேட்டபோது "எல்லாச் சத்தும் இதிலேயே இருக்கு மேடம்" என்றார்கள். தாவர உணவில் பி12 கிடைக்காது. முழு வீகனாக இருப்பதானால் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம் என்று எங்கள் டாக்டர் சொல்லி, எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காபிக்காக அவர்களிடமே சோயா பாலும் வாங்கினேன். பாக்கெட்டில் பச்சை நிறத்தில் வி எழுத்தும் இலையும் போட்ட அரசு முத்திரை இருந்தது. வீகன் உணவுக்கென்று 2022இல் வந்த விதிமுறைப்படி போடுவது அது. முத்திரை என்னவோ சரி, கொதிக்கிற டிகாக்‌ஷனில் ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. டிகாக்‌ஷனை ஆறவிட்டுப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் திரிவதில்லை. இருந்தாலும் அது காபி இல்லை.

மனதார பாராட்ட வேண்டியது வேர்க்கடலைத் தயிரை. சின்ன மண்சட்டியில், கெட்டியாக, லேசான புளிப்போடு. தாளித்துச் சாதத்தில் பிசைந்தால் கடலை வாசனை அவ்வளவாகத் தெரியாது. "மோர்கூட வேண்டாம்னா என்னம்மா சாப்பாடு அது?" என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டியை வழித்துவிட்டார்.

சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. சுண்டலும் கீரையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அதற்கு 180 ரூபாய் எதற்கு? தயிரை மட்டும் வாரம் இரண்டு சட்டி வாங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமியாரே கடலையை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்து, காய்ச்சி ஆறவைத்து, பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறை ஊற்றினார். முதல் தடவை நீர்த்துப் போய்விட்டது. "கடலைப்பால்ல தண்ணி ஜாஸ்தி, காம்பும் பத்தலை" என்று, அடுத்த தடவைக்காக இப்போது காம்பு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.