மெஷ் வாங்கியாச்சு, மோடத்தை என்ன செய்வது?

ஃபைபர் இணைப்பு கொடுக்கும்போதே வைஃபையும் சேர்ந்த ஒரு மோடத்தை மாட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டில் அது கீழே, டிவிக்குப் பக்கத்தில். மாடியில் சிக்னல் ஒரு கோடுதான். அதனால் டிபி-லிங்க் டெகோ மெஷ் வாங்கினோம், அதாவது வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் சில பெட்டிகள். மோடமே ஏற்கெனவே ரவுட்டர் வேலையும் (கருவிகளுக்கு முகவரி கொடுத்து நெட்டைப் பிரித்துவிடுவது) பார்ப்பதால், இரண்டையும் சேர்க்க மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, வயரைச் செருகி அப்படியே விட்டுவிடுவது. மோடமும் ரவுட்டர், மெஷ்ஷும் ரவுட்டர். படம் பார்க்க, வீடியோ கால் பேச ஒரு குறையும் தெரியாது. ஆனால் மோடம் 192.168.1 என்று முகவரி கொடுக்கும், டெகோ 192.168.68 என்று கொடுக்கும். பிரின்டர் மோடத்தின் பழைய வைஃபையிலேயே தங்கிவிட்டால், மெஷ்ஷில் இருக்கும் போன் தேடும்போது அது கண்ணில் படாது.

இரண்டாவது பிரிட்ஜ் மோடு. மோடம் ஒளியை மின்சிக்னலாக மாற்றுவதோடு நின்றுகொள்ளும். இணைய நிறுவனத்தில் லாகின் செய்வது உட்பட மற்றதெல்லாம் மெஷ்ஷின் பொறுப்பு. விஷயம் தெரிந்தவர்கள் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். வீட்டு முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலைக்கு நாட் என்று பெயர்; மோடமும் மெஷ்ஷும் அதை இரண்டு தடவை செய்யும் இரட்டை நாட் போய்விடும் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் மெஷ்ஷுக்குக் கிடைக்கும் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைய நிறுவனத்தின் தரப்பிலேயே இன்னொரு நாட் உட்கார்ந்திருக்கிறது. அப்போது பாதி லாபம் அங்கேயே போச்சு.

நான் வைத்திருப்பது மூன்றாவது வழி, ஏபி (ஆக்சஸ் பாயின்ட்) மோடு. ரவுட்டர் வேலை மோடத்திடமே இருக்கும், மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும். காரணம் வேகம் இல்லை, பராமரிப்பு. லைன் போனால் டெக்னீஷியன் வருவார், மோடத்தை ரீசெட் செய்வார், இல்லையென்றால் வேறு மோடம் மாட்டுவார். பிரிட்ஜில் வைத்திருந்தால் அத்தோடு அந்த அமைப்பு காலி. மறுபடி பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும், விலான் எண் (இணைப்புக்கு நிறுவனம் வைத்திருக்கும் அடையாள எண்) சரியா என்று பார்க்க வேண்டும், லேண்ட்லைனும் அதே மோடத்தில் ஓடினால் அதையும் கவனிக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் சொல்லிப் புரியவைப்பதா? ஏபி மோடில் புது மோடத்தில் வயரைச் செருகினால் போதும், நெட் வந்துவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மெஷ்ஷில் இருப்பதால் டிவி, கேமரா எதையும் தொட வேண்டாம். ரீசெட்டுக்குப் பிறகு மோடத்தின் சொந்த வைஃபை திரும்ப முளைத்திருக்கும், அதை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

இதில் நஷ்டமும் உண்டு. ஏபி மோடில் டெகோவின் பெற்றோர் கட்டுப்பாடு வேலை செய்யாது. எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதியும் கிடையாது. பிள்ளைகளின் நெட் நேரத்துக்குக் கடிவாளம் போடத்தான் மெஷ் வாங்குகிறீர்கள் என்றால் பிரிட்ஜுக்கே போங்கள். ஆன்லைன் கேம் ஆடுபவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை, அந்தப் பக்கம் அனுபவப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் மோடத்தின் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு மெஷ் வயரை அந்த 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் செருகியிருந்தால், மாடியில் மட்டுமல்ல, கீழேயும் நூறைத் தாண்டாது.