அமாவாசைக்கு மறுநாள் போங்கள்: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோல சிலாங்கூர் கரைச் சுற்றுலா

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஓர் ஊர். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் தோட்டத்துச் சனம் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறது. அங்கிருந்து கோல சிலாங்கூர் கரைக்கு ஒரு நாள் சுற்றுலா நடக்கிறது. ஒரு வேன், தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர், மிஞ்சிப்போனால் 10 பேர். பகலில் படகேறி, வானம் கண்ணாடிபோல் தரையில் தெரியும் ஸ்கை மிரர் மணல்திட்டு, மாலையில் கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மலாவத்தி குன்று, இருட்டியதும் மின்மினி. வழிகாட்டி விஷயம் தெரிந்தவர், வேன் நேரத்துக்கு வருகிறது, படகில் நெரிசல் இல்லை. குறை தேதியில் இருக்கிறது. பெரிய குறை என்பதால் முதலில் அதையே சொல்லிவிட வேண்டும்.

மாதத்தில் இரண்டாவது சனி, நான்காவது சனி என்று நாளை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான், ஆனால் கடல் நிலவைப் பார்த்துத்தான் வாங்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் (கடல்நீர் ஏறுவது) கூடும், வற்றமும் (இறங்குவது) கூடும். இந்தக் கரையில் அந்த நாள்களில் இரண்டுக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வித்தியாசம், அதாவது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அவ்வளவு தண்ணீர் இறங்கினால்தான் சசாரான் கரைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு தலைகாட்டும். அரைநிலா நாள்களில் இரண்டும் குறுக்கே இழுப்பதால் தண்ணீர் பாதியில் நின்றுவிடும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம் இல்லையா, மணல்திட்டுக்கும் அது ஆகாத நாள். சனிக்கிழமை அஷ்டமியில் விழுந்தால் ‘ஸ்கை மிரர்’ என்று பணம் வாங்கிக்கொண்டு படகில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளுக்கும் இவர்கள் பதிவு எடுக்கிறார்கள். இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆகவே வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கடலுக்கு அமாவாசை, பௌர்ணமி இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரவில் மின்மினி பார்க்க வேண்டுமே! பௌர்ணமி வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி மங்கிப்போகும். எனவே அமாவாசைப் பக்கம்தான் சரி. அமாவாசை அன்றே போகலாமா என்றால், பல வீடுகளில் அன்று விரதம், படையல், சைவச் சாப்பாடு. அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல வேளையாகக் கடலும் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் உச்ச வற்றத்துக்கு வரும். அமாவாசைக்கு அடுத்து வரும் பிரதமை, துவிதியை இரண்டும் முதல் தரமான நாள்கள். துவிதியை அன்று இன்னொரு லாபமும் உண்டு. மலாவத்திக் குன்றின் மேலிருந்து மேற்கே கடல் பக்கம் பிறையைப் பார்க்கலாம். ரமலான் பிறை பார்க்கும் இடமும் அதே குன்றில்தான் இருக்கிறது. நீங்கள் மின்மினிப் படகில் ஏறும் நேரத்தில் அந்தப் பிறை இறங்கிக்கொண்டிருக்கும், இருட்டைக் கெடுக்காது.

வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கு மூன்று நாலு நாள் முன்பு என்றால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். அமாவாசை கழிந்தால் வற்றம் நண்பகலை ஒட்டி வரும். அதனால் ‘எத்தனை மணிக்கு வேன்’ என்று கேட்பதை விட ‘அன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு’ என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் ஆள் கடல் தெரிந்தவர். எல்லா நாளும் காலை 8 மணிப் படகு என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். இந்த வழிகாட்டி வற்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். தேதி போடுவது அலுவலகம். அஷ்டமியிலும் ஏன் தேதி போடுகிறார்கள் என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை.

ஜெட்டியிலிருந்து ஆற்றுமுகம் தாண்டி அரை மணி நேரத்துக்கும் மேல் படகு ஓடும். உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் தருகிறார்கள். குழந்தை அளவு அங்கி மட்டும் குறைவாக இருக்கிறது, ஆகவே பிள்ளையின் எடையைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பெரிய அங்கியைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். இடுப்பு வலி உள்ளவர்கள் படகின் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம்தான் அலையில் தூக்கிப் போடும். மணல்திட்டில் கழிப்பறை, நிழல், கடை எதுவும் கிடையாது. ஜெட்டியிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏற வேண்டும். ரப்பர் செருப்பு சேற்றில் ஒட்டி வார் அறுந்துவிடும், வெறுங்காலைச் சிப்பி கிழிக்கும். பின்பக்கம் பட்டையுள்ள செருப்போ பழைய துணிச் சப்பாத்தோ போதும்.

திட்டில் இறங்கியதும் வழிகாட்டி செய்யும் முதல் வேலைக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். எல்லாரையும் நிறுத்தி, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்து காட்டுகிறார். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கலாம். காலைத் தேய்த்து வந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போகும். மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பதுதான் முதலுதவி, பிறகு மருத்துவமனை. வெந்நீர் நிரப்பிய பெரிய பிளாஸ்க் ஒன்று படகிலேயே இருக்கிறது. தேநீருக்கு என்று நினைத்து யாரும் காலி செய்துவிடாதீர்கள்.

கண்ணாடி எப்படி உண்டாகிறது என்றால், மட்டமான மணல் மேல் மெல்லிய நீர்ப்படலம் மிச்சம் இருக்கும். கணுக்காலுக்கும் கீழே, விரல் நுனி நனையும் அளவு. காற்று அடங்கினால் வானம் அப்படியே தரையில் இறங்கிவிடும். காற்று எழுந்தால் சிற்றலை ஓடி உருவம் உடைந்துபோகும். பின்னால் வருகிறவர் நடந்தாலும் அதே கதிதான். அதனால்தான் சின்னக் குழு நல்லது: 10 பேரை அசையாமல் ஒரு நிமிடம் நிறுத்த முடியும், 40 பேரை முடியாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடர்ந்த நிறத்தில் புடவையோ சட்டையோ போட்டால் படம் எடுபடும். வெள்ளையும் வெளிர் நீலமும் வானத்தோடு கரைந்துவிடும். படம் எடுப்பவர் போனை நீர்ப்படலத்துக்கு ஒட்டினாற்போல் தாழப் பிடிக்க வேண்டும். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

படம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். காலி சங்கைத் தூக்கிக்கொண்டு துறவி நண்டு ஓடும். கடல் சாமந்தி தண்ணீர் இருக்கும் பள்ளத்தில் விரிந்திருக்கும், ஏதாவது பட்டால் சுருங்கும். கடல் அட்டையும் கிடைக்கும். பார்த்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வெறும் சங்கையும் எடுத்து வரக்கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாக இருக்கிறார், ஏனென்றால் அடுத்த நண்டுக்கு அதுதான் வீடு. ஒரு மணி நேரம் ஆனதும் அவர் விசில் ஊதினால் உடனே படகேறுங்கள். மட்டமான திட்டு என்பதால் ஏற்றம் ஒரு பக்கமாக வராது, சுற்றி வளைத்து வரும்.

திரும்பும் வழியில் பருந்துக்குக் கோழித்தோல் வீசுவது படகுக்காரர்களின் வழக்கம். கூட்டமாக வருவது செம்பருந்து, நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கருடன். நடுவே பெரிதாக, வயிறு வெளுப்பாக வருவது கடற்கழுகு. காட்சி பிரமாதம்தான், ஆனாலும் வேண்டாம். தோலில் கொழுப்பு மட்டும் இருக்கிறது. மீனைப் பிடித்து முள்ளோடு தின்னும்போது கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இல்லை. குஞ்சுக்கும் அதையே கொண்டுபோய் ஊட்டும். இரை தேடிப் பழக வேண்டிய குஞ்சு படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடும். குழுவாகச் சேர்ந்து ‘தோல் போட வேண்டாம், மெதுவாகப் போனால் போதும்’ என்று சொன்னால் படகுக்காரர் கேட்கிறார். ஆற்றுமுகத்தில் கம்பத்திலும் மரத்திலும் கருடன் சும்மாவே உட்கார்ந்திருக்கும்.

மதியச் சாப்பாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசீர் பெனம்பாங்கில், கடல் உணவுக் கடையில். நண்டும் இறாலும் அன்றன்று வந்தவை. சைவத்துக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் சோறும் கங்கோங் கீரையும்தான், அந்தக் கீரையிலும் பெலாச்சான் (இறால் விழுது) போட்டிருப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவது மேல்.

மாலை 4 மணிக்கு மேல் புக்கிட் மலாவத்தி. வார இறுதியில் சொந்த வண்டியை மேலே விட மாட்டார்கள், டிராம் வண்டியில்தான் ஏற வேண்டும். அந்தக் கட்டணம் இந்தச் சுற்றுலாவில் அடங்கியிருக்கிறது. இது சிலாங்கூர் சுல்தானின் கோட்டை இருந்த குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரில் அல்டிங்ஸ்பர்க் என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் திருப்பி எடுத்துவிட்டார். பெயர் மட்டும் கலங்கரை விளக்கத்தில் தங்கிவிட்டது. விளக்கைக் கட்டியது ஆங்கிலேயர், 1907இல். உயரம் 27 மீட்டர், வெள்ளைக் கோபுரம். உள்ளே ஏறலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெளியே நின்று பார்ப்பதுதான். கப்பல்காரர்கள் விளக்குகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதை வழிகாட்டி கைவிளக்கை அணைத்து ஏற்றிக் காட்டுகிறார். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் மின்னும் தாளம் வேறு. எண்ணிப் பார்த்தாலே எந்தக் கரை என்று தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும். கடலில் புலாவ் அங்சாவிலும் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. நினைத்தவுடன் போய் இறங்கும் இடம் இல்லை, கடல்துறை இலாகாவின் அனுமதி வேண்டும். ‘இறக்கி விடுகிறோம்’ என்று யாராவது ஆசை காட்டினால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

குன்றில் இருக்கும் லோத்தோங் குரங்குகள் சாதுவானவை. தாய் கருஞ்சாம்பல் நிறம்; மடியில் இருக்கும் குட்டியோ பழுத்த ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் அதுவும் கறுத்துவிடும். விரலை நீட்டினால் குட்டி பிடித்துக்கொள்ளும், ஆனால் நீட்டாதீர்கள். இலை தின்னும் குரங்கு இது, பல அறைகள் கொண்ட வயிற்றில் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். ரொட்டியும் பிஸ்கட்டும் போனால் வயிறு உப்பிவிடும். அங்கேயே விற்கும் பயற்றங்காய் அவ்வளவு கெடுதல் இல்லை, கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட வால் கெரா குரங்கு வேறு ரகம். பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் பறித்துக்கொண்டு போகும். பையை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

மின்மினிக்குக் கம்போங் குவாந்தான், திரும்பும் பாதையிலேயே இருக்கிறது. துடுப்புப் போடும் சாம்பான், ஒன்றில் 4 பேர். 10 பேர் குழு என்றால் மூன்றாவது சாம்பானில் 2 பேர்தான். அலுவலகம் 8 அல்லது 12 என்று வைத்திருக்கலாம். சத்தமில்லாமல் போவதால் மோட்டார் படகை விட இது நூறு மடங்கு மேல். கரையில் பெரெம்பாங் மரங்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னும், பிறகு ஒரு மரம் முழுதும் ஒன்றாக ஏறி ஒன்றாக அணையும். பிளாஷ் போடக்கூடாது, போன் திரையையும் மூடி வையுங்கள். கொசு மருந்தைப் படகில் தெளிக்காதீர்கள், அது மின்மினிக்கும் கெடுதல். முழுக்கைச் சட்டை போதும். மழை பெய்தால் படகு நிற்கும். பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை எழுதி வாங்குங்கள்.

நம் ஆள்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். மின்மினி மரத்தில் மின்னினாலும் அதன் புழு வளர்வது ஆற்றங்கரை ஈர மண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று. கரை வரைக்கும் காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் மரம் நின்றாலும் மின்மினி நிற்காது. தோட்டத்து ஊரில் பிறந்த வழிகாட்டி இதை மறைக்காமல் சொல்கிறார்.

இதே ஆள்கள் மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானுக்கும் அழைத்துப் போகிறார்கள். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே விளக்கேற்றிய முனை அது. இப்போது நிற்கும் கோபுரம் 1863இல் கட்டியது. சுமத்ராவிலிருந்து 40 கிலோமீட்டர் அளவுக்குக் கடலைத் தாண்டித் தேன்பருந்துகள் வடக்கே திரும்பும் காலம் அது. வெயில் ஏறி வெப்பக் காற்று எழும்பினால்தான் பருந்து சிறகடிக்காமல் மேலேறும். காலை 10 மணிக்கு முன்னால் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, மழை நாளில் போவதிலும் பயனில்லை. நல்ல சுற்றுலா, ஆனால் வேனில் உட்காரும் நேரம் அதிகம்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: வழிகாட்டிக்குச் சுற்றுலா அமைச்சின் அட்டை உண்டா (இயற்கைச் சுற்றுலா வழிகாட்டிக்குப் பச்சை, நகரச் சுற்றுலாவுக்கு நீலம்), வேனுக்குச் சுற்றுலா பெர்மிட் உண்டா. இரண்டையும் இவர்கள் கேட்டதும் காட்டுகிறார்கள். பெர்மிட் இல்லாத வேனில் விபத்து என்றால் காப்புறுதி கைவிட்டுவிடக்கூடும். வற்றம் போதாத நாளில் என்ன செய்வார்கள் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மாற்று உடை ஒன்று, கால் கழுவ ஒரு பெரிய போத்தல் நல்ல தண்ணீர், தலைக்குத் தொப்பி. குடை வேண்டாம், திட்டில் காற்று மடக்கிவிடும்.