நூறு மில்லிமீட்டர் டயரும் சென்டர் ஸ்டாண்டும்

பழைய பைக்கின் பின்சக்கரத்துக்கு 100/90-18 டயர் (அகலம் 100 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், டயரைத் தாங்கும் ரிம் வளையத்தின் விட்டம் 18 அங்குலம்) போடலாமா என்று கேட்ட நண்பருக்கு ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். அதே டயரோடு 9,000 கிலோமீட்டர் ஓட்டியவன் அப்படி முடித்துக்கொள்வது நியாயமில்லை என்று பிறகு தோன்றியதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டியோடு வந்தது 3.00-18, அதாவது 3 அங்குல அகலம். அங்குலக் கணக்கில் எழுதப்பட்ட அந்தக் காலத்து டயர்களில் அகலமும் பக்கச்சுவரின் உயரமும் ஏறக்குறைய சமம் என்பதால், இன்றைய மில்லிமீட்டர் கணக்கில் அதற்கு நெருங்கிய மாற்று 90/90-18. அதையும் தாண்டி நான் ஒரு படி மேலே போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. பின்னாலிருந்து பார்க்க வண்டி நோஞ்சானாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

புதிய டயர் போட்ட அன்று சென்டர் ஸ்டாண்டில் வண்டி வழக்கத்தைவிடச் சுலபமாக ஏறியது. அதையும் ஒரு வரவாகவே எண்ணிக்கொண்டேன். அடுத்த வாரம் செயினுக்கு எண்ணெய் விடச் சக்கரத்தைச் சுற்றப் போனால், டயர் தரையை உரசிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. பழைய டயருக்கு நிகரான 90/90-18இன் பக்கச்சுவர் 81 மி.மீ., 100/90-18இன் பக்கச்சுவர் 90 மி.மீ.; சக்கரத்தின் அச்சு 9 மி.மீ. உயர்ந்துவிட்டது, ஸ்டாண்டின் கால் மட்டும் வளரவில்லை. ஸ்டாண்ட் சுலபமாக ஏறியதன் ரகசியமும் இதுதான்: வண்டியைத் தூக்க வேண்டிய உயரமே குறைந்திருந்தது. அன்றிலிருந்து எண்ணெய் விடும்போதெல்லாம் ஸ்டாண்டின் இரு கால்களுக்கடியிலும் ஒரு மரப்பலகை. எண்ணெய் சிந்திய பலகை ஒரு நாள் வழுக்க, வண்டி என் தோளில் சாய்ந்தது. பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றினால் காற்றை முழுவதும் இறக்காமல் அது மட்கார்டுக்கு அடியிலிருந்து வெளியே வராது. சைட் ஸ்டாண்டிலும் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்து நின்றது. அகலமான டயரைப் பற்றிப் பேசுகிற யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

சரி, அகலமாவது கிடைத்ததா? என் ரிம்மின் அகலம் 1.85 அங்குலம், 100/90க்குக் குறைந்தது 2.15 அங்குல அகல ரிம்மாவது வேண்டும். குறுகிய ரிம் டயரின் இரு பக்கங்களையும் உள்ளே இழுத்துப் பிடிப்பதால், வெர்னியர் என்னும் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அகலம் 94 மி.மீ.தான் இருந்தது. பக்கங்கள் உள்ளே போனதால் நடுப்பகுதி கூர்மையாக எழும்பிவிட்டது. விளைவு, நடுவில் இரண்டு விரல் அகலப் பட்டை தேய்ந்து மழுங்கிய பிறகும், ஓரங்களில் புதுடயருக்கே உரிய ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. அகலம் வேண்டும் என்று வாங்கிய டயரின் அகலத்தைச் சாலை தொடவே இல்லை. செயின் பக்கத்தில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளிதான் மிஞ்சியது.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் அது தந்த சொகுசை வேறு எந்த டயரும் எனக்குத் தந்ததில்லை. உள்ளே காற்றுக்கு இடம் அதிகம், பக்கச்சுவரும் உயரம். பின்னால் உட்கார்ந்து வருகிறவர் இன்றைக்கும் அந்த டயரைத்தான் விசாரிக்கிறார். சுற்றளவு ஏறக்குறைய 3 சதவீதம் கூடியதால் நேர்சாலையில் எஞ்சின் சற்று அமைதியாக ஓடியது, மேட்டில் அதே அளவுக்கு முனகியது. ஸ்பீடோமீட்டரின் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் அதன் கணக்கில் மாற்றமில்லை.

இப்போது 90/90-18 போட்டு 6,000 கிலோமீட்டர் ஆகிறது. என் ரிம்முக்கு இது சரியாகப் பொருந்துகிறது, வளைவுகளில் நினைத்த கோட்டில் தயங்காமல் சாய்கிறது, ஈரத்தில் பிடிப்பு நன்றாக இருக்கிறது, ஸ்டாண்ட் போட்டால் சக்கரம் தாராளமாகச் சுழல்கிறது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எனவே எந்த டயரையும் தேடும் முன், ரிம்மில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படிக்குமாறு நண்பருக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் நான் அடுத்த முறை வாங்கப்போவது 3.00-18. அந்த அளவில் தேர்வு குறைவு. அதிகம் விற்காத சரக்கு என்பதால் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும் (2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்). 90/90 தரும் பிடிப்பு அதில் இருக்காது என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன், பலகையும் வெர்னியருமாக அலைந்ததில் மில்லிமீட்டர் என்றாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நண்பர் 90/90 போட்டுக்கொள்ளட்டும்.