‘மை ஃபேர் லேடி’ ஜாஸ் இசைத்தட்டு: பியானோ கலைஞர் ஆந்த்ரே ப்ரெவினை அறிய ஒரு நல்ல வாசல்

ஆந்த்ரே ப்ரெவின் என்றதும் சிலருக்கு லண்டன் சிம்பொனி இசைக்குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவர் நினைவுக்கு வருவார். சிலருக்கு நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்ற ஹாலிவுட் இசையமைப்பாளர். இந்த இரண்டுக்கும் அடியில் இருந்தவர் பியானோ கலைஞர் ப்ரெவின். அவரைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, காண்டெம்பொரரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக 1956-இல் பதிவான ‘மை ஃபேர் லேடி’ ஜாஸ் இசைத்தட்டைத்தான். டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மானின் பெயரில் வந்த தட்டு இது. பாஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்திக் கருவியை வாசித்திருப்பவர் லெராய் வின்னிகர். பாடகர் கிடையாது, மூன்றே கருவிகள், எட்டே பாடல்கள்.

ஃபிரெடரிக் லோ இசையமைத்த ‘மை ஃபேர் லேடி’ என்ற இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் அரங்கேறியது 1956 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் இந்த மூவரும் அதன் பாடல்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டார்கள். ஒரே நாடகத்தின் பாடல்களை மட்டும் எடுத்து ஒரு முழு ஜாஸ் தட்டு போடுவது அப்போது புதிய யோசனை. தட்டு அமோகமாக விற்றது. பிற நாடகங்களுக்கும் இதே பாணியில் தட்டுகள் வரத் தொடங்கின. ஆனால் விற்பனைக்காக அவசரமாகச் செய்த வேலை என்ற எண்ணம் முதல் பாடலிலேயே மறைந்துவிடும்.

திருமண நாள் காலையில் மாப்பிள்ளையைச் சரியான நேரத்துக்குத் தேவாலயத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் ‘கெட் மீ டு த சர்ச் ஆன் டைம்’ என்ற அந்த ஆரவாரமான முதல் பாடலை மூவரும் தலைதெறிக்கும் வேகத்தில் எடுக்கிறார்கள். அந்த வேகத்திலும் ப்ரெவினின் வலக்கையில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே தெளிவாக விழுகிறது. எந்த இடத்திலும் ஒன்றோடு ஒன்று குழையவில்லை. தட்டின் மறுபுறத்தில் வரும் ‘அஸ்காட் கவோட்’ இன்னும் சுவாரஸ்யமானது. நாடகத்தில் அது குதிரைப் பந்தயம் பார்க்க வந்த மேட்டுக்குடியினர் விறைப்பாக நின்று பாடும் பாட்டு. அந்த விறைப்பான மெட்டையே எடுத்து, தாளத்தின் அழுத்தங்களைச் சற்றே இடம் மாற்றி, உடலை அசைக்க வைக்கும் ‘ஸ்விங்’ என்ற ஜாஸ் தாள நடையாக ஆக்கிவிடுகிறார்கள். மெட்டு கலையவே இல்லை. நடை மட்டும் மாறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐவ் க்ரோன் அக்கஸ்டம்ட் டு ஹர் ஃபேஸ்’ என்ற மெதுவான பாடல். இதில் ப்ரெவின் தன் விரல் வேகத்தை முழுக்க ஒதுக்கி வைத்துவிடுகிறார். மெட்டை ஏறத்தாழ எழுதியபடியே வாசிக்கிறார். மாறுவதெல்லாம் அதன் அடியில் இருக்கும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்தான். ஒரே வரி திரும்பி வரும்போது கீழே ஒரு ஸ்வரம் அரைப்படி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான், வரியின் பொருளே வேறாகிவிடும். பதின்ம வயதிலேயே எம்.ஜி.எம். படநிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாள்தோறும் முழு இசைக்குழுவுக்கு எழுதிப் பழகியவரின் காது இங்கே வேலை செய்கிறது. பியானோவை ஓர் இசைக்குழுவாகவே அவர் கேட்கிறார் என்பது என் எண்ணம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வேகமான பாடல்களில் ப்ரெவினுக்கு இடைவெளி விடப் பொறுமை போதவில்லை. ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டம் பாணியிலான நீண்ட ஓட்டங்கள் சில இடங்களில் மெட்டை மூடிவிடுகின்றன. வின்னிகரின் பாஸ் உறுதியாக நடந்துகொண்டே இருந்தாலும், அவருக்குத் தனியாகப் பேசக் கிடைக்கும் இடம் குறைவு. ஒலிப்பதிவைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. டிரம்மின் தோலில் ஷெல்லி மானின் கம்பி பிரஷ் உரசும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்பவர்களுக்கு அது தனி விருந்து.

இந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 1929-இல் பெர்லினில் பிறந்த ப்ரெவின், நாஜி ஆட்சிக்குத் தப்பி வெளியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. இந்தப் பாடல்களுக்கு இசையமைத்த லோவும் பெர்லினில் பிறந்தவர்தான். 1964-இல் ‘மை ஃபேர் லேடி’ திரைப்படமாக வந்தபோது அதே பாடல்களை முழு இசைக்குழுவுக்குத் தழுவி அமைத்து நடத்தியவர் ப்ரெவின். அவருடைய நான்காவது ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. பின்னர் திரையுலகை விட்டு விலகி, 1968 முதல் 1979 வரை லண்டன் சிம்பொனியின் தலைமை நடத்துநராக இருந்தார். ரவிசங்கரின் முதல் சிதார் கன்செர்ட்டோ (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1971-இல் அந்தக் குழுவோடு ஒலித்தபோது மேடையில் நின்று நடத்தியவரும் அவரே. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு மொசார்ட்டின் கன்செர்ட்டோக்களைப் பியானோவில் அமர்ந்தபடியே நடத்திப் பதிவு செய்திருக்கிறார். பல துறைகளில் கால் வைத்தவர்கள் எதிலும் ஆழமாக இறங்கியிருக்க மாட்டார்கள் என்ற சந்தேகம் ப்ரெவினையும் வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அது நியாயமற்றது என்பதற்கு அந்த மொசார்ட்டின் மெதுவான பகுதிகளையும் இந்த மெதுவான ஜாஸ் பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டாலே போதும்: ஸ்வரத்தைத் தொடும் மென்மையும், அடுத்ததற்குக் காத்திருக்கும் நிதானமும் இரண்டிலும் ஒன்றே.

ஜாஸுக்குப் புதியவர்கள் தயங்காமல் வாங்கலாம். மெட்டுகள் எளிதில் மனத்தில் நிற்பவை என்பதால் கலைஞர்கள் எங்கே விலகுகிறார்கள், எங்கே திரும்பி வருகிறார்கள் என்பதைப் பின்தொடர முடியும். கடும் பரிசோதனை இசையைத் தேடுபவர்களுக்கு இது மிக இனிமையாகத் தோன்றக்கூடும். பிடித்துப்போனால் அடுத்து, நீண்ட காலம் ஜாஸை ஒதுக்கியிருந்த ப்ரெவின் 1989-இல் கிதார் கலைஞர் ஜோ பாஸ், பாஸ் கலைஞர் ரே பிரௌன் ஆகியோரோடு செய்த ‘ஆஃப்டர் ஹவர்ஸ்’ பதிவை வாங்குங்கள். அறுபதை எட்டிய அந்த வயதில் அவர் வாசிக்கும் ஸ்வரங்கள் குறைவு. 1956 தட்டில் போதவில்லை என்று நான் குறை சொன்ன அந்த இடைவெளி அதில் தாராளமாகவே கிடைக்கிறது.